உள்ளடங்கிய வார்ப்புருக்களுக்கு மதிப்புகளைக் கடத்துவது எப்படி?

ஜின்ஜா, ட்விக், லிக்விட், ஜாங்கோ, ஹேண்டில்பார்ஸ் போன்றவற்றில், வார்ப்புரு (டெம்ப்ளேட்) என்ற மாதிரியில் மதிப்புகளை நிரப்பிப் பக்கங்களை உருவாக்குகிறோம்; ஒரு மாறி எதுவரை தெரியும் என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடுவதால், முதலில் அதைப் பார்ப்போம். விலைப்பட்டியல் ஒன்றைக் கூட்டுவதற்காக, மடக்குக்கு (லூப்) முன்பு 'மொத்தம்' என்ற மாறியில் 0 என்று வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விலையை அதனுடன் சேர்த்து, மடக்கு முடிந்ததும் அதை அச்சிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜின்ஜாவில் 0 என்றே அச்சாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. மடக்கின் உள்ளே 'செட்' கட்டளை தரும் மதிப்பு அந்தச் சுற்றைத் தாண்டி வாழ்வதில்லை. இதையே ட்விக்கில் எழுதினால் சரியான தொகை கிடைக்கும், ஏனெனில் வெளியே முன்பே உள்ள மாறியை மடக்கின் உள்ளிருந்து மாற்ற அது விடுகிறது; மடக்குக்குள் முதன்முறையாக உருவான மாறி மட்டும் அங்கும் வெளியே தெரியாது. லிக்விடில் 'அசைன்' செய்த மதிப்பு மடக்கு முடிந்த பின்னும் நிலைத்திருக்கும்.

ஜின்ஜாவில் இதற்கான வழி, 2.10 பதிப்பில் வந்த 'நேம்ஸ்பேஸ்'. மடக்குக்கு வெளியே ஒரு நேம்ஸ்பேஸ் பொருளை உருவாக்கி, 'மொத்தம்' என்பதை அதன் பண்பாக வைத்து, உள்ளே அந்தப் பண்பை மாற்றினால் மதிப்பு தங்கும். கூட்டுவது மட்டுமே தேவையென்றால் இதுவும் வேண்டாம், 'சம்' ஃபில்டரே போதும்.

அதிகத் தொல்லை தருவது, ஒரு வார்ப்புருவுக்குள் இன்னொன்றைச் சேர்க்கும் 'இன்க்ளூட்' கட்டளைதான். ஜின்ஜா, ட்விக், ஜாங்கோ மூன்றிலும், சேர்க்கப்படும் துணை வார்ப்புரு தன்னை அழைத்த வார்ப்புருவின் மாறிகளை இயல்பாகவே காண்கிறது. வசதியாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் விலை பின்னால்தான் தெரியும். ஓர் அட்டைக்கான துணை வார்ப்புரு 'தலைப்பு' என்ற மாறியை எதிர்பார்க்கிறது. நீங்கள் அதைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். பக்கத்துக்கும் 'தலைப்பு' என்ற மாறி இருப்பதால் எல்லா அட்டைகளிலும் பக்கத்தின் தலைப்பே அச்சாகிறது. ஆகவே ட்விக்கிலும் ஜாங்கோவிலும் 'வித்' மூலம் வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கொடுத்து, இறுதியில் 'ஒன்லி' சேர்த்து மற்றவற்றை அடைத்துவிடுங்கள். ஜின்ஜாவின் 'இன்க்ளூட்' கட்டளைக்கு நேரடியாக மதிப்புகளைக் கொடுக்க முடியாது. அதைச் சுற்றி ஒரு 'வித்' தொகுதியை எழுத வேண்டும், இல்லையேல் மேக்ரோவுக்கு, அதாவது பெயரிட்டு வேண்டியபோது அழைக்கும் வார்ப்புருத் துண்டுக்கு, மாற வேண்டும். லிக்விடில் பழைய 'இன்க்ளூட்' கைவிடப்பட்டு, வெளி மாறிகளைக் காணாத 'ரெண்டர்' அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. என் பார்வையில் இதுவே சரியான இயல்புநிலை.

எதிர்த்திசையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்: ஜின்ஜாவில் துணை வார்ப்புரு உள்ளே அமைத்த மாறி அழைத்தவருக்குத் திரும்பி வராது. மேக்ரோவை வேறு கோப்பிலிருந்து இறக்குமதி செய்தால் அது அழைக்கும் பக்கத்தின் மாறிகளை அறியாது. 'வித் கான்டெக்ஸ்ட்' சேர்த்து அதைத் திறந்துவிடலாம் என்றாலும், வேண்டிய மதிப்புகளை அழைக்கும்போதே அளபுருக்களாகக் கொடுப்பதே படிப்பவருக்கு எளிது. மடக்கின் உள்ளே 'பிளாக்' (வேறொரு வார்ப்புரு மாற்றி எழுதக்கூடிய பகுதி) வைத்தால் மடக்கு மாறி அதற்குத் தெரிய 'ஸ்கோப்டு' என்று குறிப்பிட வேண்டும்.

ஹேண்டில்பார்ஸில் சிக்கல் வேறு வகை. பட்டியலைச் சுற்றிவரும் 'ஈச்' உள்ளே நுழைந்ததும், பெயர்கள் தேடப்படும் சூழலே பட்டியலின் நடப்பு உறுப்பாக மாறிவிடுகிறது. வெளியே உள்ளதை எட்ட இரு புள்ளியும் சாய்கோடும் இட்டு ஒரு படி மேலேற வேண்டும். மூன்று அடுக்கு ஆழத்தில் படிகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, 'ஆஸ்' சேர்த்து ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டுவிட்டால் உள் அடுக்குகளிலும் அதே பெயரால் அழைக்கலாம்.

பல அடுக்குகள் வழியே பத்து மதிப்புகளைக் கடத்த நேர்ந்தால், அவற்றை ஒரே பொருளாகத் திரட்டி அனுப்புங்கள். விடுபட்ட மதிப்பு வெற்றிடமாக அச்சாகி மறைந்துவிடாதிருக்க, மேம்பாட்டுச் சூழலில் ஜின்ஜாவுக்கு 'ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்டு' வகையையும் ட்விக்குக்கு 'ஸ்ட்ரிக்ட் வேரியபிள்ஸ்' அமைப்பையும் இயக்கி வையுங்கள்; அப்போது வெற்றிடத்துக்குப் பதில் பிழைச்செய்தி வரும். அடைக்கப்பட்ட துணை வார்ப்புருவுக்கு எந்த மாறி வந்து சேரவில்லை என்பதை அந்தப் பிழைச்செய்தியே பெயர் சொல்லிக் காட்டும்.