வேலூர்ப் பிள்ளையை மாய உலகத்துக்கு அனுப்புவது எப்படி? சிறுவர் நாவல் எழுத ஒரு வழி

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மாய உலக நாவல் எழுத உட்காருபவர்கள் முதலில் அரண்மனைக்கும் பறக்கும் குதிரைக்கும் பெயர் தேடுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் உங்கள் ஊரில் எது இல்லை என்று எழுதுங்கள். வேலூருக்கு அந்தப் பட்டியலை ஊராரே போட்டு வைத்திருக்கிறார்கள்: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (கடைசிக் குறை 1981இல் தீர்ந்தது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார்.) பிள்ளை நுழையும் உலகம் இப்படி ஒரு இல்லாமையிலிருந்து பிறந்தால், அங்கே அவள் எதைப் பார்த்து வாய்பிளப்பாள் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

காட்பாடி பக்கம் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நான் எழுதிவரும் கதைக்குப் பாலாற்றை எடுத்துக்கொண்டேன். 2021 நவம்பரில் ஆறு இருகரையும் முட்ட ஓடியதை என் கதைநாயகி சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குத் தெரிந்தது மணல்தான். அந்தப் பக்கத்து உலகத்தில் பாலாறு எந்நாளும் ஓடுகிறது. ஏன்? இங்கே வரவேண்டிய தண்ணீர்தான் அங்கே ஓடுகிறது. இந்த ஒரு காரணத்தை முடிவுசெய்த பிறகுதான் கதை நகர ஆரம்பித்தது. அங்கிருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் தாகம் எடுக்கும். தண்ணீரை மீட்டால் அவர்கள் ஆறு வற்றும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் இதைத் தாங்க முடியுமா என்று பயப்படாதீர்கள். தாராளமாகத் தாங்குவார்கள்.

அடுத்தது வாசல். பிள்ளை நிதம் தாண்டிப் போகிற பொருளாக இருக்கட்டும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுந்து நேரம் சொல்லும். அதைத்தான் வாசலாக வைத்தேன். நிழல் குறிப்பிட்ட கோட்டைத் தொடும்போது வழி திறக்கும். வாசலோடு சட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது: மேகம் மூடினால் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் வழியும் இல்லை. ஐப்பசி அடைமழையில் அவள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மந்திரத்தால் எது முடியாது என்பதை முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் சொல்லிவிடுங்கள். பின்னால் உங்களுக்கு வசதியாக மாற்றினால் பிள்ளைகள் மன்னிக்கவே மாட்டார்கள்.

அப்பா அம்மாவைச் சாகடிக்காதீர்கள். அப்பா ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு ஷிப்ட் போகட்டும், அம்மா முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றட்டும். பிள்ளைக்குத் தனிமை தானாகக் கிடைக்கும். அவளுக்கு மந்திர வாளும் வேண்டாம். வறண்ட ஆற்றில் எந்த இடத்தில் ஊற்று தோண்டினால் தண்ணீர் வரும் என்று ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எப்போதும் தண்ணீர் ஓடும் ஊரில் அந்த வித்தை ஒருவருக்கும் தெரியாது. முடிச்சை அவிழ்ப்பது அவள் கையாகத்தான் இருக்கவேண்டும், எந்தப் பெரியவரும் வந்து காப்பாற்றக்கூடாது.

வழிகாட்டியாக நரைதாடி முனிவர் எதற்கு? நம் வடஆற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வருகிற ராஜாவையே நிறுத்தி "நீ யாரு?" என்று கேட்கிறவன், நடுவில் சனங்களிடமும் பேசுகிறவன். இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்க அவனைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

கதை சொல்லும் நடை எளிய எழுத்துத்தமிழ், பேச்சு வீட்டுப் பேச்சு. "எங்கடி பூட்ட இவ்ளோ நேரம்? சோறு ஆறிப்போச்சு பாரு" என்று ஆயா கேட்டால்தான் அவள் வீடு திரும்பியது படிப்பவருக்கு உறைக்கும்.

ஒரு அத்தியாயம் ஆயிரம் சொல்லுக்குள் இருக்கட்டும். முடித்ததும் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் அவர்கள் பென்சில் சீவ ஆரம்பிக்கிறார்களோ அங்கே கோடு போட்டுக்கொண்டு, அன்று ராத்திரியே அந்தப் பத்தியை வெட்டுங்கள்.