குசினியை நீட்டிக் கட்டப் போய் நாங்கள் விட்ட காசு

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், முன்பு பால்மரம் என்கிற ரப்பர் மரம் நின்ற நிலத்தில் எழுந்த ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. என் மாமனார் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். லயத்து வீட்டை விட்டு இங்கே குடிவந்தபோது சொந்த வீடு என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். 2017-இல் அந்த வீட்டின் பின்பக்கம் குசினியை நீட்டிக் கட்டினோம். அதில் செய்த ஒரு தவறு மற்ற தவறுகளையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது, கட்டின செலவில் பாதிக்கு மேல் பிறகு அதைச் சரிசெய்யவே போய்விட்டது. இந்த வருடம் பின்பக்கம் இழுத்துக் கட்டலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இதை ஒரு தடவை படித்துவிட்டு இறங்குங்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 24,000 வெள்ளி (ரிங்கிட்), ஒருவர் 22,500, கடைசி ஆள் 18,000. யாரை எடுத்தோம் என்று சொல்லவே வேண்டாம். முதல் இரண்டு பேர் என்னென்ன வேலை, என்ன பொருள் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள், மூன்றாமவர் பாதித் தாளில் "குசினி நீட்டிப்பு, 18,000" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் கம்பி எத்தனை, கூரைத் தகடு என்ன தடிமன், பிளக் பாயிண்ட் எத்தனை, இடித்த கல்லை யார் அள்ளுவது என்று எதுவுமே இல்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. முதலில் 5,000 ரொக்கம், ஒரு வாரம் கழித்து 4,000, அப்புறம் கம்பி விலை ஏறிவிட்டது என்று இன்னொரு 2,000. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை போனவர்தான், திங்கட்கிழமை கைப்பேசியும் எடுக்கவில்லை. மிச்ச வேலையை இன்னொருவர் 9,500-க்கு முடித்துக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் போய் முறையிட ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். நாங்களும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, நிறுவனப் பதிவு எண் என்று கேட்ட இடத்தில் எழுத எங்களிடம் ஒரு கைப்பேசி எண்ணும் ஒரு செல்லப்பெயரும் மட்டுமே இருந்தன. லாரியில் ஒட்டியிருந்த பெயரைக்கூட யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் முதல் வெள்ளியைக் கொடுக்கும் முன்பே நிறுவனப் பதிவு எண்ணையும் அடையாளக் கார்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கொடுக்கத் தயங்குகிற ஆளை அப்போதே விட்டுவிடலாம். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், எதற்கு என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். முன்பணம் பத்திலிருந்து இருபது விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும், பிறகு அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, சுவர் முடிந்தால் இவ்வளவு என்று வேலையைப் பார்த்துக் காசு போகட்டும். கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு பெருமழை பெய்து ஓயும் வரை கொடுக்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை, கூரையும் பழைய சுவரும் சேர்கிற இடத்தில் ஒழுகுகிறதா என்பதை மழையே காட்டிக்கொடுத்துவிடும். நகராண்மைக் கழக அனுமதி வாங்கியாயிற்றா என்று வாயால் கேட்டு விட்டுவிடாமல் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லும் கடிதம் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

இப்படி அவசரமாக முடித்த குசினியில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதில் ஒரு நீட்டிப்பு வயரை மாட்டி ஐஸ்பெட்டி, கெத்தல், ஏர் ஃபிரையர், சோறாக்கும் குக்கர் எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டினோம். கெத்தல் 2,200 வாட், ஏர் ஃபிரையர் 1,500 வாட், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 3,700 வாட். நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட், வகுத்துப் பார்த்தால் 16 ஆம்பியர் வருகிறது, அந்த மூன்று முனை பிளக்கோ 13 ஆம்பியருக்குச் செய்தது. ஒருநாள் காலையில் பசியாற ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது மீன் கருகின மாதிரி ஒரு வாடை. அடுப்பில் மீனே இல்லை. வயர்க்கட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பாகி, ஒரு முனை உருகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. இந்த மீன் வாடையை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்ச், பிளக் பக்கத்திலிருந்து அப்படி வந்தால் மெயினை அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இன்னொன்றும் நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு முனை பிளக் நுழையவில்லை என்று மேல் ஓட்டைக்குள் பேனா மூடியையோ கரண்டிக் காம்பையோ குத்தித் திறந்து செருகுவது. அது எர்த் ஓட்டை, அதைத் திறந்தால்தான் மற்ற இரண்டும் திறக்கும்படி வைத்திருப்பதே பிள்ளைகள் கை விடாமல் இருக்கத்தான். அதற்கு அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது, சிரிம் தரச் சான்று முத்திரை பார்த்து வாங்குங்கள். மீட்டர் பக்கத்துப் பெட்டியில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மின்கசிவு வந்தால் தானே விழுகிற சுவிட்சுக்கு அது சோதனைப் பொத்தான். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், அமுக்கியும் விழவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் செத்துவிட்டது, கசிவு வரும் நாளிலும் விழாது. சும்மா சும்மா விழுகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். குளியலறை வெந்நீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியரில் விழுகிற சுவிட்ச் வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிட்டு எங்கள் குசினிக்குப் புது இழுப்பும் நாலு பாயிண்ட்டும் போட 1,400 வெள்ளி ஆயிற்று. கட்டும்போதே கேட்டு எழுதியிருந்தால் சுவரை மறுபடி உடைத்திருக்க வேண்டாம். அப்புறம் ஏப்ரல், மே, மறுபடி அக்டோபர், நவம்பர் சாயங்காலங்களில் இடி உறுமத் தொடங்கினால் டிவி பிளக்கோடு இணைய மோடத்தின் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் தோம்பை மாற்றும்போதெல்லாம் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள், தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியேறிவிட வேண்டும்.

இப்போது பெரிய செலவுக்கு வருகிறேன். 2019 தொடக்கத்தில் தண்ணீர் பில் 20 வெள்ளிச் சொச்சத்திலிருந்து 50-ஐத் தாண்டியது. தைப்பூசத்துக்கு உறவுக்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள், அதனால்தான் என்று நினைத்துக் கட்டினோம், அடுத்த மாதமும் அப்படியே வந்தபோதும் கட்டினோம். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் அடைத்து மீட்டரைப் படம் எடுத்து, காலையில் யாரும் முகம் கழுவும் முன் மறுபடி எடுத்திருந்தால் ஒரே இரவில் தெரிந்திருக்கும். கழிவறைத் தொட்டி சந்தேகமா, தொட்டிக்குள் கொஞ்சம் கோப்பி ஓ ஊற்றிவிட்டு அரைமணி நேரம் இழுக்காமல் விடுங்கள், கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் ஒழுகுகிறது. எங்களுக்கு ஒழுகியது புதுக் குசினியின் தரைக்கடியில் போன குழாய் மூட்டு.

ஈரம் இருந்தால் கறையான் வரும். சின்க் அலமாரிக்குப் பின்னால் பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு சுவரோடு ஏறியிருந்ததை முதலில் பார்த்தது நான்தான். துடைப்பத்தால் சுரண்டிவிட்டு, கடையில் விற்கிற பூச்சி மருந்தை ஒரு டின் முழுக்க அடித்தேன். கோடு மறைந்தது, நிம்மதி. ஐந்து மாதம் கழித்துப் பக்கத்து அறைக் கதவுச் சட்டத்தில் கை வைத்தபோது விரல் உள்ளே போனது. வெளியே சாயம் மட்டும் தோல் மாதிரி நின்றது, உள்ளே மரம் அட்டை அட்டையாக மண்ணோடு கலந்து கிடந்தது. மாமனார் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தக் கோட்டக் கலைச்சுட்டியா? மரத்துல மண்ணு ஏறுனா நாங்க தண்டப் பார்க்க மாட்டோம், வேரத்தான் பார்ப்போம்" என்றார். பால்மரத்தைத் தின்கிற கறையானை அவர் எத்தனையோ தடவை பார்த்தவர், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் மருந்தடித்தேன்.

நடந்தது இதுதான். கடை மருந்து பட்ட கறையான் மட்டும் சாகும், மிச்சம் அந்த வழியை அடைத்துவிட்டு வேறு வழி தேடும், கூடு மண்ணுக்குள் அப்படியே இருக்கும். கோட்டை உடைக்காமல் விட்டால்தான் மருந்துக்காரரால் அது எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர முடியும். வந்தவர் புதுத் தரையின் ஓரத்தைத் தோண்டியபோது கான்கிரீட் ஊற்ற அடித்த பலகைத் துண்டுகளைக் கழற்றாமல் அப்படியே மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. மலிவாகக் கட்டித் தந்தவர் கறையானுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கூடவே பழைய வீட்டுக்கும் புதுத் தரைக்கும் நடுவே மூடாத ஒரு பிளவு. தோட்ட நிலத்தில் எழுந்த தாமான்களில் பழைய மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்கடியில் கிடக்கும், நம் பக்கம் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். பிறகு இரைப்பெட்டி முறையில் போனோம். பெட்டிக்குள் வைக்கிற மருந்து கறையானைத் தோலுரிக்க விடாது, தின்றவை கூட்டுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் ஊட்டும், கூடு அழிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். 1,800 வெள்ளி. மறுபடி வந்தால் இலவசமாகச் செய்வார்களா, எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள், பெட்டியை எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்கள் என்பதையும். சுவரோடு ஒட்டிப் பழைய அட்டைப்பெட்டி, நாளிதழ், விறகு எதையும் அடுக்காதீர்கள். ஸ்குரூடிரைவர் காம்பால் கதவுச் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலான சத்தம் கேட்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கறையான் தின்று சின்க் அலமாரி போய்விட்டது, புதுசு வாங்க நான் நம்பியிருந்தது கூட்டுக் காசை. எல்லாரும் மாதா மாதம் காசு போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதுதான் கூட்டு. இருபது பேர், மாதம் 200 வெள்ளி, எடுப்பவர் கையில் 4,000. நான் பதினான்கு மாதம் கட்டியிருந்தேன், பதினைந்தாம் மாதம் நடத்திய அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டார். 2,800 வெள்ளி. கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதை 1971-இலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது, படித்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இதே ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார். அது பதிவான சங்கம், கணக்கு இருந்தது, கட்டிய காசுக்கு ரசீது இருந்தது. எனக்கு இருந்தது அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு டிக் மட்டும்.

கையில் காசு இல்லாததால் அலமாரியைத் தவணையில் எடுத்தோம். விலை 3,600, வட்டி "வருடம் பத்தே விழுக்காடு", மூன்று வருடம், மாதம் 130 வெள்ளி. 130 கட்ட முடியுமா என்று மட்டும் யோசித்தோம். முப்பத்தாறு மாதத்துக்கு மொத்தம் 4,680 வெள்ளி. பாதிக் கடனை அடைத்த பிறகும் முதல் நாள் கடனுக்கே வட்டி போட்டுக் கொண்டிருப்பார்கள், அதனால் அந்தப் பத்து உண்மையில் வருடத்துக்குப் பதினெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாமல் வாங்கக்கூடிய உச்சமே பதினெட்டுதான். மாதத் தவணையைக் கேட்காதீர்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள், பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். கடன் கழுத்துக்கு வந்துவிட்டால் ஆலோங் என்கிற உரிமமில்லாத வட்டிக்காரரிடம் போவதற்கு முன், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். 2006-இலிருந்து இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள், வங்கியோடு பேசித் தவணையையும் மாற்றித் தருவார்கள்.

பின்பக்க வாய்க்கால் ஓரம் வைத்த இரைப்பெட்டியை மாமனார் இப்போதும் மாதா மாதம் போய்ப் பார்க்கிறார். போன வாரம் பலாமரத்து அடிக்கட்டைப் பக்கம் மெல்லிசாக ஒரு மண்கோடு ஏறியிருப்பதைக் காட்டினார். தொடவில்லை. படம் எடுத்து அனுப்பியாயிற்று, வியாழக்கிழமை ஆள் வருகிறார்.