ரிவெட் கன்னைக் கடைசியில் எடுங்கள்

லீவுக்கு ஊருக்கு வரும் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு இன்ஜினீயரிங்) மாணவர்கள், கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டுக்குள் நுழைந்ததுமே கேட்பது, "சார், கன் எங்க?" கன் என்றால் ரிவெட்டை, அதாவது தகடுகளை இணைக்கும் தலையுள்ள ஆணியை, அடிக்கிற காற்றுச் சுத்தியல். அது பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, விமானத்தின் உடற்கூட்டைப் பழுது பார்ப்பவனாக, இருந்தவன் நான். ரிவெட் வேலையில் முக்கால்வாசி கன்னைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி.

இங்கே சொல்வது பயிற்சித் தகட்டுக்கு மட்டும். பறக்கிற விமானம் என்றால் அந்த மாடலின் ஸ்ட்ரக்சரல் ரிப்பேர் மேனுவல் சொல்வதுதான் சட்டம். லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர் கையெழுத்துப் போடாமல் அது கிளம்பாது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் வந்து இறங்கும் ஏ.டி.ஆர். பயணிகள் விமானத்துக்கும் இதேதான்.

சரி, 0.032 அங்குலத் தகடு ஒன்றில் விரிசல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே விட்டு மேலே ஒட்டுப் போட்டால் அடியில் வளர்ந்துகொண்டே போகும். கெட்ட பகுதி முழுவதையும் வெட்டி எடுங்கள், வட்டமாக, அல்லது மூலைகளை நன்றாக உருட்டி. கூர்மையான மூலையை விட்டால் அடுத்த விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். ஒட்டுக்கு அதே உலோகத்தில் ஒரு கேஜ் தடிமன் கூட, 0.040. இரண்டுமே 2024-டி3 ஆல்கிளாட், சுத்த அலுமினியம் மேலே படிந்த கலவைத் தகடு. பாத்திரக்கடை அலுமினியத்தில் பழகாதீர்கள்; அது மெத்தென்று இருக்கும், கை கெட்டுப்போகும்.

ரிவெட்டின் விட்டம், தடித்த தகட்டைப்போல மூன்று மடங்கு. 0.040 மூன்று மடங்கு 0.120, அதற்கு அடுத்துக் கிடைப்பது 1/8 அங்குலம். நீளத்துக்கு, இரண்டு தகட்டின் தடிமனோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 0.072-உம் 0.1875-உம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 1/4 அங்குலம். ஆக, வேண்டிய ரிவெட்டின் எண் எம்.எஸ்.20470ஏ.டி.4-4. முதல் 4 விட்டம், 32-இல் நாலு பங்கு. கடைசி 4 நீளம், 16-இல் நாலு பங்கு. ஏ.டி. என்பது 2117 கலவை, தலையில் சின்னக் குழி இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே அடிக்கலாம். தலையில் மேடாக இரண்டு கோடு தெரிந்தால் அது டி.டி., சூடேற்றித் தணித்து, அடிக்கும்வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய ரகம். நமக்கு இப்போது வேண்டாம்.

குறிப்பதற்குப் பென்சில் கூடாது. கிராஃபைட் பட்ட இடம் அரிக்கும், அதிலும் நம் ஊர் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். மெல்லிய மார்க்கர் போதும். ஓரத்திலிருந்து ஓட்டையின் நடுவுக்குக் குறைந்தது விட்டத்தைப்போல இரண்டு மடங்கு, அதாவது 1/4 அங்குலம். நான் 5/16 வைக்கச் சொல்வேன். காரணம் பின்னால் தெரியும். ரிவெட்டுக்கு ரிவெட் 3/4 அங்குலம் வசதி, 3/8-க்குக் கீழே போகக் கூடாது. வெட்டிய இடத்தைச் சுற்றி இரண்டு வரிசை.

ஒரு வரிசை குறைந்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விழுந்து 520 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் வால் 1978-இல் ஓடுதளத்தில் இடித்திருந்தது. கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கச் சுவரைப் பழுது பார்த்தபோது, ஒரே துண்டாக இருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் சுமக்க வேண்டிய பளுவை ஒற்றை வரிசை சுமந்தது. ஏழு வருடம் தாக்குப்பிடித்து, அப்புறம் கிழிந்தது.

இனி ஓட்டை. சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் லேசாக ஒரு தட்டு, பின்பக்கம் மரக்கட்டை. முதலில் 40-ஆம் நம்பர் பிட், அப்புறம் 30-ஆம் நம்பர் (நம்பர் குறைந்தால் பிட் பெரிது). டிரில் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஆல்கிளாடின் பளபளப்பே போதும். தகட்டில் பிட்டின் பிம்பம் தெரியும். பிட்டும் அதுவும் ஒரே கோடாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் நேர்; கொஞ்சம் நகர்ந்து இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். கோடு உடைந்து தெரிந்தால் டிரில் சாய்ந்திருக்கிறது. ஓட்டை போடப்போட, தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளிகோ மாட்டிக்கொண்டே வாருங்கள்: 40-ஆம் நம்பர் ஓட்டைக்கு வெள்ளி நிறம், 30-க்குச் செம்பு நிறம்.

எல்லாம் முடிந்ததும் தகடுகளைப் பிரித்துவிடுங்கள். இதைத்தான் பையன்கள் சோம்பல்பட்டு விடுவார்கள். நடுவில் டிரில் செய்த உலோகச் சுருள் ஒன்று சிக்கியிருந்தாலும் தகடுகள் படியாது. பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சுற்று, அவ்வளவுதான். நகத்தால் வருடினால் பிசிறு தட்டக் கூடாது. அழுத்திச் சுற்றினால் ஓட்டை புனலாகிவிடும். பிறகு ஒன்றையொன்று தொடும் முகங்களுக்கு அரிப்பைத் தடுக்கும் ஜிங்க் குரோமேட் பூசிக் காயவிட்டு, மறுபடி கிளிகோ.

இப்போது கன்னை எடுக்கலாம். 3எக்ஸ் அளவுக் கன், ரிவெட் தலைக்குப் பொருந்தும் செட் (கன்னின் முனையில் மாட்டுவது), செட்டைப் பிடிக்கும் ஸ்பிரிங் கட்டாயம். காற்றழுத்தம் 35-40 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, கழிவுத் தகட்டில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். காதுக்கு பிளக், கண்ணுக்குக் கண்ணாடி. ஆள் இருக்கும் திசையில் வெறும் கன்னை அமுக்குகிறவனை ஷெட்டுக்குள் மறுநாள் விடமாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் தூங்கும் நேரத்தில் யாருமே அமுக்கக் கூடாது, அது தனிச் சட்டம்.

பின்னால் பக்கிங் பார் (ரிவெட்டின் காம்பு நுனியைத் தாங்கும் கனமான இரும்புக் கட்டை) பிடிப்பவர்தான் இதில் மேஸ்திரி. மூன்று பவுண்டுக்குக் குறையாத பார், முகம் வழவழவென்று இருக்க வேண்டும். அவர் "ம்" சொன்ன பிறகே அடி. கன்காரர் முதலில் தலையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் டிரிக்கர். பார்காரர் தகட்டைத் தள்ளாமல் ரிவெட்டின் காம்பில் மட்டும் தாங்க வேண்டும். தள்ளினால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விழும். சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் தட்டுதான் மொழி. காம்பில் ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, சரி. மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, எடு. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். ஒரு ரிவெட்டைக் குட்டிக்குட்டியாக நீட்டி அடித்துக்கொண்டே இருந்தால் உலோகம் இறுகி வெடிக்கும். சுருக்கமாக ஒரே மூச்சில் முடியுங்கள்.

காம்பு நசுங்கி உருவாகும் பின்பக்கத் தலை 3/16 அங்குல அகலம், 1/16 உயரம் வந்தால் நல்லது. உயரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அடிக்கலாம். அப்பளமாகிவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். ஒரு பக்கம் வழிந்திருந்தால் பார் சாய்ந்திருக்கிறது. முன்பக்கம் தலையைச் சுற்றிப் பிறை மாதிரி தழும்பு விழுந்தால் கன் சாய்ந்திருக்கிறது.

எடுப்பதற்கு, தலையில் இருக்கும் குழியில் காம்பைவிட ஓர் அளவு சிறிய பிட்டை வைத்துத் தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்குங்கள். 'பின் பஞ்ச்' என்ற மெல்லிய உருளை உளியால் நெம்பினால் தலை கழன்றுவிடும். பின்பக்கம் தாங்கல் கொடுத்து, காம்பை மெதுவாகத் தட்டி வெளியேற்றுங்கள். ஓட்டை பெரிதாகிவிட்டதா, அடுத்த அளவான 5/32 ரிவெட்டுக்குப் போகலாம். அதற்கு ஓரத்தில் வேண்டியது 5/16 அங்குலம். முதலில் 1/4-இல் குறித்தவர் ஒட்டுத் தகட்டையே புதிதாக வெட்ட வேண்டும்.