பஸ் அட்டவணையில் ஒரு சின்ன எழுத்து

ஜெர்மனியில் வேலை கிடைத்தவர்கள் முனிக், ஃபிராங்க்ஃபர்ட் வாடகையைக் கேட்டதும் மலைத்துப்போய், சின்ன ஊராகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்கள். நல்ல முடிவுதான். பழைய கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த தூரிங்கன் மாநிலத்தில் 1990க்குப் பிறகு ஏராளமானோர் வேலை தேடி மேற்கே போய்விட்டார்கள். அதனால் சின்ன ஊர்களில் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, வாடகையும் குறைவு. 2023 மே மாதம் நானும் கோத்தா நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் குடியேறினேன்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபோன 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதுதான் அன்மெல்டுங். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் தேவை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. சென்னை மாதிரி பத்து மாதம் என்ற பேச்சே கிடையாது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது கால்ட்மீட்டெ, அதாவது ஹீட்டர், தண்ணீர் செலவு சேராத வாடகை. எல்லாம் சேர்ந்த வார்ம்மீட்டெ எவ்வளவு என்று கேளுங்கள். கரண்ட் பில் பெரும்பாலும் அதிலும் சேராது. சமையலறையில் அடுப்பு, சிங்க் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல வீடுகளில் வெறும் குழாய்தான் இருக்கும். இதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்கு யாரும் சொல்லாதது பஸ் விஷயம். வீடு பார்க்கப் போனபோது நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டேன். காலை 5.50, 6.40, 7.25. எனக்கு அது போதும். நேரத்துக்கு மேலே சின்னதாக 'எஸ்' என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை 6.40 பஸ் வரவில்லை. 7.25 பஸ்ஸும் வரவில்லை. நாய் நடத்திக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்து, "ஃபேரியன்!" என்றார். பள்ளி விடுமுறை. அந்த எழுத்துக்கு அர்த்தம், பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் வண்டி. கோடை விடுமுறை ஆறு வாரம். அப்புறம் அக்டோபரில், கிறிஸ்துமஸில், பிப்ரவரியில், ஈஸ்டரில்.

நம் ஊரில் கடைசி பஸ் போய்விட்டால் மினி பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பால் வண்டியோ ஏதாவது வரும். இங்கே வராது. நடந்தேன். நடைபாதை இல்லாத சாலை, கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. "ஊர் பாதுகாப்பா?" என்று அம்மா தினமும் போனில் கேட்பார். திருடன் பயம் அங்கே துளியும் இல்லை, ஆனால் அந்த ஓரத்தில் நடந்தபோது பயந்தேன். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் நான் இன்னும் சோதனைக் காலத்தில் (ப்ரொபேஷன்) இருந்தேன். இரண்டு நாள் தாமதமாகப் போனதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. கார் வாங்கலாம் என்றால், நம் இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும், டிரைவிங் ஸ்கூல் கட்டணம் 2000 யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டை விடலாம் என்றால், ஒரு வருடம் காலி செய்ய மாட்டேன் என்ற வரியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த வரி இல்லாவிட்டால் மூன்று மாத நோட்டீஸ் போதும். மாதம் 120 யூரோ மிச்சம் என்று போன கிராமம் அது. அந்த ஆறு வாரமும் பாதி நாள் பாட்டிதான் தன் காரில் கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினால் கோபித்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்துக் கொடுத்தேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டார்.

ஆகவே கையெழுத்துக்கு முன் ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் மூன்று தேதிகளைப் போட்டுப் பாருங்கள்: ஜூலையில் பள்ளி விடுமுறைக்குள் வரும் ஒரு புதன் காலை, ஒரு ஞாயிறு மதியம், வெள்ளி இரவு பத்து மணி. 'ரூஃப்புஸ்' என்று வந்தால் அது முன்கூட்டியே பதிவு செய்தால்தான் வரும் வண்டி, போனில் ஜெர்மனில் பேச வேண்டியிருக்கலாம். கிராமத்தை விட, சொந்தமாக ரயில் நிலையம் உள்ள நகரமே மேல். ஐசனாக், கோத்தா, எர்ஃபுர்ட், வைமர், அப்போல்டா எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. எர்ஃபுர்ட்டிலிருந்து தெற்கே அர்ன்ஸ்டாட். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாத டிக்கெட் 2026 ஜனவரி முதல் 63 யூரோ, நிலையம் பக்கத்தில் இருந்தால்தான் அதற்குப் பலன்.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து வரப்போகும் ஒரு தம்பி 280 யூரோ வீடு ஒன்றின் படம் அனுப்பினார். தோட்டம், ஆப்பிள் மரம், பார்க்கவே ஆசையாக இருந்தது. அட்டவணையைத் தேடிப் பார்த்தேன், எல்லா வண்டிக்கும் மேலே எஸ். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அர்ன்ஸ்டாட்டில் இரண்டு வீடு இருக்கிறது, சனிக்கிழமை அவருக்காகப் போய்ப் பார்க்கிறேன்.