விருந்தாளியாகப் போன வீட்டில் விசுவாசத்தை அறிவது: நம் நல்ல பழக்கமே தவறாகிவிடும் இடங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆக்ஸ்பர்க் நகரில் படிக்கப் போன முதல் ஆண்டு, ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் மாடியறையில் தங்கியிருந்தேன். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு திருப்பலி என்னும் ஆலய வழிபாட்டுக்குப் போனேன். எல்லாரும் எழுந்து வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். குருவானவர் முன்னால் வந்ததும், கோயிலில் பிரசாதம் வாங்குவது போலவே, வலக்கையை இடக்கை தாங்க நீட்டினேன். அவர் வைத்த மெல்லிய வெள்ளை அப்பத்தை, ஊரிலிருந்து வந்திருந்த நண்பனுக்கும் பாதி கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் மடிக்கப் போனபோது, அந்த வீட்டு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, தாழ்ந்த குரலில், “இங்கேயே சாப்பிட்டுவிடு” என்றார்.

வெளிநாட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் நேர்பவை அல்ல. நம் வீட்டில் மரியாதை என்று பழகியதை அப்படியே அங்கே கொண்டுபோய் வைப்பதால் நேர்பவை. கொடுத்ததை மறுக்கக்கூடாது, கிடைத்ததைப் பகிர்ந்து உண்ண வேண்டும் என்பது நம் பழக்கம். ஆனால் கத்தோலிக்க நம்பிக்கையில் நற்கருணை என்பது பகிர்ந்தளிக்கும் பிரசாதம் அன்று; அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறியிருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். அதைப் பெறுவது “நானும் இந்தத் திருச்சபையோடு ஒன்றியிருக்கிறேன்” என்று வாயால் சொல்வதற்குச் சமம். ஆகவே மற்றவர்கள் இருக்கையிலேயே இருந்துவிடுவதில் எந்த அவமரியாதையும் இல்லை. பல பங்குகளில், அதாவது ஆலயச் சமூகங்களில், வரிசையில் போய்க் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றால் குருவானவர் ஆசீர் மட்டும் வழங்குவார். உங்கள் பங்கில் அந்த வழக்கம் உண்டா என்று முந்தின இரவே வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த விதி எல்லாக் கிறிஸ்தவருக்கும் பொது என்று எண்ணிக்கொள்வது அடுத்த தவறு. ஆக்ஸ்பர்க்கின் மாக்ஸிமிலியான் தெருவின் தென்கோடியில் உல்ரிஷ், அஃப்ரா என்னும் இரு புனிதர்களின் பெயரில் பெரிய கத்தோலிக்க ஆலயம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டினாற்போல உல்ரிஷின் பெயரிலேயே ஒரு லூத்தரன் ஆலயம்; லூத்தரன் என்பது புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் ஒன்று. ஒன்றில் திருப்பலி, மற்றொன்றில் அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்து. லூத்தரன் சபைகள் பலவற்றில் ஞானஸ்நானம் பெற்ற எந்தக் கிறிஸ்தவரையும் திருவிருந்துக்கு அழைப்பார்கள். லூத்தரன் சபையார் 1530-இல் தங்கள் விசுவாச அறிக்கையைப் பேரரசரின் முன் வைத்ததும், 1555-இல் இரு தரப்புக்கும் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டதும் இந்த ஊரில்தான். 1629 ஆகஸ்ட் 8 அன்று இங்கே புராட்டஸ்டண்ட் வழிபாடு தடை செய்யப்பட்டது. உரிமை திரும்பக் கிடைத்த பிறகு, 1650 முதல் அதே நாளைச் சமாதானத் திருநாளாகக் கொண்டாடி வருகிறார்கள். ஆக்ஸ்பர்க் நகருக்கு மட்டும் உரிய விடுமுறை அது. இவ்வளவு கதையைச் சுமந்து நிற்கும் ஊரில், “கிறிஸ்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள்” என்று ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்ன என்னைப் பார்த்து, அந்த வீட்டின் லூத்தரன் மருமகள் சிரித்ததில் வியப்பில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். அங்கே “எவாங்கெலிஷ்” என்றால், நம் ஊரில் சுவிசேஷக் கூட்டம் நடத்துவோரை நினைவூட்டும் பொருள் இல்லை. லூத்தரன் முதலான பழைய புராட்டஸ்டண்ட் சபைகளைச் சேர்ந்தவர் என்பதே பொருள். அங்கி அணிந்த எவரையும் “ஃபாதர்” என்று அழைக்கும் நம் வழக்கமும் அங்கே தடுக்கும். புராட்டஸ்டண்ட் போதகர் மணமானவராக, பல இடங்களில் பெண்ணாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தலையாட்டுவது. சாப்பாட்டு மேசையில் பெரியவர் ஒருவர் தம் நம்பிக்கையை மனம் திறந்து சொல்லும்போது, “சரி, சரி” என்று கேட்டுக்கொண்டிருப்பது நமக்குச் செவிசாய்த்தலின் அடையாளம். அவருக்கோ அது உடன்பாடு. மூன்று மாதம் கழித்து “நீயும் அப்படித்தானே நம்புகிறாய்?” என்று அவர் கேட்கும்போது திகைத்து நிற்பதைவிட, முதல் வாரமே “எனக்கு இது புதிது, எங்கள் வீட்டில் வேறு விதமாகக் கும்பிடுவோம், ஆனால் நீங்கள் நம்புவது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை” என்று சொல்லிவிடுவது இருவருக்கும் நிம்மதி. வெளிப்படையான மறுப்பை அந்த ஊரில் யாரும் முரட்டுத்தனமாக எடுத்துக்கொள்வதில்லை. பூசி மெழுகுவதைத்தான் ஒருவகைப் பொய்யாகக் கருதுகிறார்கள்.

“எல்லா மதமும் ஒன்றுதான்” என்று சொல்லி உரையாடலை இனிதாக முடித்துவைப்பதும் இதே வகை. நாம் அதை நட்பின் கையாக நீட்டுகிறோம். கேட்பவருக்கோ, தாம் சொல்லவந்த குறிப்பான ஒன்றை நாம் கேட்கவே விரும்பவில்லை என்று படுகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்றதும் “எங்கள் மும்மூர்த்திகள் மாதிரி” என்று நானும் சொன்னேன். பிரமன், திருமால், சிவன் மூவருக்கும் தனித்தனித் தொழில் சொல்கிறோம். அவர்கள் சொல்வதோ ஒரே கடவுள், ஒரே இயல்பு, மூன்று ஆள்கள் என்பது. நான்காம் நூற்றாண்டில், 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய திருச்சபைப் பேரவைகள் சொல் சொல்லாக வாதாடி வகுத்த கோட்பாடு. ஒப்புமை சொல்வதற்கு முன் “இது எங்கே வேறுபடுகிறது?” என்று கேட்டிருந்தால், அந்த வீட்டு ஐயா அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசியிருப்பார். ஒப்புமை சொன்னதால் பேச்சு அங்கேயே நின்றது.

பண்டிகை என்றால் வாழ்த்துவோம் என்பதும் நம் வழக்கம். புனித வெள்ளியன்று காலையில் பூப்படத்தோடு வாழ்த்துச் செய்தி அனுப்பாதீர்கள். அது இயேசு இறந்த நாள். பெரிய வியாழன் இரவு முதல், ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை கத்தோலிக்க ஆலயங்களில் மணி அடிப்பதில்லை. மணிகள் ரோமுக்குப் பறந்துவிட்டன என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். பவேரியாவில் புனித வெள்ளியன்று பொது இடங்களில் நடனத்துக்குச் சட்டப்படியே தடை உண்டு. வாழ்த்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களான திருவருகைக் காலத்தில் மேசைமேல் நான்கு மெழுகுவர்த்திகளோடு ஒரு பசுந்தழை வளையம் இருக்கும்; ஞாயிறு தோறும் ஒன்றாக ஏற்றுவார்கள். வெளிச்சம் நன்றாக இருக்குமே என்று நான்கையும் முதல் வாரமே ஏற்றிவிட வேண்டாம்.

சுத்தம் செய்யும் நல்லெண்ணமும் ஆபத்துதான். ஜனவரி மாதம், வீட்டு அம்மா ஊரில் இல்லாத நாளில், வாசற்படியைத் துடைத்த கையோடு கதவின் மேற்சட்டத்தில் யாரோ சுண்ணக்கட்டியால் கிறுக்கியிருந்ததையும் ஈரத்துணியால் துடைத்தேன். ஜனவரி 6, மூன்று ஞானிகள் திருநாளையொட்டிக் கிரீடம் வைத்த சிறுவர்கள் வீடு வீடாக வந்து பாட்டுப் பாடி, ஏழைக் குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்டி, ஆண்டின் முதலிரு எண்களுக்கும் கடைசி இரு எண்களுக்கும் நடுவே ‘சி, எம், பி’ எழுத்துகளை எழுதிவிட்டுப் போவார்கள். “கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக” என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. நம் நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் இருக்கிற அதே இடம்! அதை ஒரு விருந்தாளி துடைத்திருந்தால் என் பாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். திரும்பி வந்த அந்த அம்மா ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து வந்து, எழுத்துகளைச் சொல்லிச் சொல்லி என்னையே எழுதவைத்தார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்ற அச்சத்தில் எதையுமே கேட்காமல் அறைக்குள் அடைந்துகொள்வது. ஜெர்மனியிலிருந்து 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க், மதம் பரப்பவே வந்தவர். அவர்கூட இங்குள்ள பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார், நம் தெய்வங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு 1713-இல் ஒரு நூலே எழுதி முடித்தார். அவருக்குப் பின்பலமாக இருந்த ஹாலே நகரத்தார் அதை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. தம் நம்பிக்கையைத் துளியும் விடாமலே ஒருவர் அடுத்த வீட்டு நம்பிக்கையை அவ்வளவு நுணுக்கமாக விசாரிக்க முடிந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் “ஆண்டவர் இயேசுவே, வந்து எங்கள் விருந்தினராய் இரும்” என்று அவர்கள் ஜெபிக்கும்போது, கரண்டியைத் தொடாமல் அமைதியாக இருந்தால் போதும். உதட்டை அசைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு காகித விஷயம். குடியேறியதும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. இவர்களோடு ஆலயம் போகிறோமே, எழுதினால் மகிழ்வார்களே என்று நினைத்து எதையும் எழுதிவிடாதீர்கள். கத்தோலிக்கர் என்றோ எவாங்கெலிஷ் என்றோ பதிந்தவர்கள் சம்பாதித்து வருமான வரி கட்டத் தொடங்கியதும், அந்த வரித்தொகையில் 8 விழுக்காடு பவேரியாவில் சபை வரியாகக் கூடும். பெரும்பாலான பிற மாநிலங்களில் 9. நம் ஊரில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்க மாணவர்கள் உண்மையை எழுதித்தான் ஆகவேண்டும், ஆனால் அதன் பொருள் தெரிந்து எழுதுவது நல்லது. நான் படிவத்தை நிரப்பும்போது அந்தக் கட்டத்தருகே பேனா தயங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டு ஐயா கவனித்துவிட்டார். “இந்தக் கட்டத்தில் மட்டும் எங்களுக்கு மரியாதை காட்டாதே” என்று சொல்லி, கோடு இழுக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.