பட்டுக்கு ஒரு தட்டு

கும்பகோணம் பக்கம் ஐப்பசி அடைமழை பிடித்தால் சுவரே வியர்க்கும். அதனால் முதலில் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். புரட்டாசியில் வெயில் இருக்கும்போதே நான் எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டிவிடுவேன்.

தினம் கட்டும் புடவையும் சுடிதாரும் கண் உயரத் தட்டில், போர்வை, துண்டு எல்லாம் அடியில். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். என் கல்யாணத் திருபுவனம் பட்டை ஆறு வருடம் பிளாஸ்டிக் உறையிலேயே விட்டுவைத்தேன். ஜரிகை கறுத்து, மடிப்பில் இற்றுப்போனது. கட்டியது என்னவோ மூன்றே தடவை! இப்போது வீட்டுக்காரரின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு பட்டுப் புடவையையும் அதில் சுற்றி வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழாதபடி மாற்றி மடியுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது. எனக்கு அந்த வாடையே ஆகாது. துணிமுடிச்சில் இரண்டு வசம்பு, கொஞ்சம் காய்ந்த வேப்பிலை வைப்பேன்.

அப்புறம், அரைகுறையாகக் காய்ந்த உள்பாவாடை ஒன்று போதும், தட்டு முழுக்கப் பூசண வாடை அடிக்கும். இஸ்திரி போட்டதையும் சூடு ஆறிய பிறகே அடுக்குங்கள்.