கூட்டமில்லாத ஏரியை வரைபடத்தில் தேடிப் பிடிப்பது எப்படி?

எல்லோரும் மீன் பிடிக்கப் போகும் ஏரிக்குக் கையேடு கிடைக்கும். அதிகம் பேர் போகாத ஏரிக்கு அப்படி எதுவும் இருக்காது. இருந்திருந்தால் அங்கேயும் கூட்டம் சேர்ந்திருக்கும். ஆனாலும் அந்த ஏரியைப் பற்றித் தெரிய வேண்டியவை துண்டு துண்டாக எங்கெங்கோ பதிவாகி இருக்கின்றன. தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதைச் செயற்கைக்கோள் படம் சொல்லும். அடித்தரை எப்படி என்பதைப் பழைய நில அளவை வரைபடம் சொல்லும். என்ன மீன் விட்டார்கள் என்பது மீன்வளத் துறைப் பதிவேட்டிலும், கரை யாருடையது என்பது நிலப் பதிவேட்டிலும் இருக்கும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த ஏரிக்கான கையேடு உங்கள் கையாலேயே உருவாகிவிடும்.

முதலில் பட்டியல்

நீங்கள் போய்வரக்கூடிய தூரத்துக்குள் இருக்கும் நீர்நிலைகளை எல்லாம் எடுங்கள். இதற்குப் பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுதான் வசதி. அந்தத் தரவில் தேட உதவும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் 20 முதல் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பகுதியைத் திரையில் வைத்து, 'நேச்சுரல்=வாட்டர்' என்ற குறிச்சொல்லை ஆங்கில எழுத்தில் கொடுத்துத் தேடினால், அங்கே பதிவான ஏரி, குளம், நீர்த்தேக்கம் எல்லாம் வந்து நிற்கும். பெயர் இல்லாதவையும் வரும். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அவைதான். முடிவை, இடங்களைக் குறித்துவைக்கும் கேஎம்எல் கோப்பாக இறக்கி கூகுள் எர்த் ப்ரோவில் திறந்துகொள்ளுங்கள். இன்னும் பெரிய பகுதியைக் கேட்டால் தேடல் பாதியில் நின்றுபோகலாம். பகுதி பகுதியாக எடுங்கள்.

பெயர் தேடலில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஏரிக்கு ஊர்ப்பெயர், அணைப்பெயர், ஓடையின் பெயர் என மூன்று இருக்கலாம். எழுத்துக்கூட்டலும் வரைபடத்துக்கு வரைபடம் மாறும். அதனால் அருகிலுள்ள ஊரின் பெயரோடும், அதில் விழும் ஓடையின் பெயரோடும் தனித்தனியே தேடுங்கள்.

வறண்ட ஆண்டில் என்ன ஆனது?

பட்டியலில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். ஆண்டுதோறும் வற்றும் குளத்தில் பெரிய மீன் வளராது. இணையத்தில் முதலில் கண்ணில் படும் படம் மழைக்குப் பிந்தையதாக இருந்தால் எல்லாக் குளமும் நிறைந்தே தெரியும். அந்த ஒரு படத்தை நம்பிக் கிளம்பினால் வெடித்த சேற்றுத் தரையில்தான் போய் நிற்க நேரும்.

குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச வரைபடம் 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு காலம் தண்ணீர் இருந்தது என்று காட்டுகிறது. அடர்நீலம் என்றால் ஏறக்குறைய எப்போதும் தண்ணீர். வெளிர் இளஞ்சிவப்புப் பக்கம் போகப் போக அரிதாகவே தண்ணீர். ஏரியின் நடுவில் அடர்நீலத் திட்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இடமெல்லாம் வற்றும்போது மீன் ஒதுங்கும் மடு அதுதான். திட்டு எவ்வளவு சிறியதானாலும் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரைபடத்தின் ஒரு கட்டம் 30 மீட்டர். குறுகிய ஓடைமுகம் இதில் தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய நீரும் மரநிழல் கவிந்த கரையும் 'தண்ணீர் இல்லை' என்றே பதிவாகும். சந்தேகம் வந்தால் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்துக்குப் போங்கள்: 10 மீட்டர் கட்டம், சில நாட்களுக்கு ஒரு புதுப் படம். இந்தப் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் மேகம் குறைந்த நாட்களாகத் தேர்ந்து, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய வாரங்களை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பிடுங்கள். குளிர்நாடுகளில் இதே கேள்வி வேறு வடிவில் வரும்: ஆழமில்லாத ஏரியில் பனி மூடிய மாதங்களில் உயிர்வளி தீர்ந்து மீன் மொத்தமாகச் செத்துவிடும். அங்கே ஆழந்தான் முதல் வடிகட்டி.

கோப்பர்நிக்கஸ் தளத்திலேயே பொய்வண்ணப் படத்தையும் திறந்து பாருங்கள். செடி சிவப்பாகவும் தெளிந்த நீர் கறுப்பாகவும் தெரியும். நீர்ப்பரப்பே சிவந்திருந்தால் மிதக்கும் செடி மூடியிருக்கிறது. அங்கே தூண்டில் இறங்காது.

ஆழம்: பழைய வரைபடம் இருக்கும்போது யூகம் எதற்கு?

அணை கட்டித் தேக்கிய ஏரியானால், அணை வருவதற்கு முன்பு அச்சான நில அளவை வரைபடம் ஒரு புதையல். இன்று நீருக்கடியில் கிடக்கும் ஆற்றின் வளைவுகள், பாலம், சாலை, கிணறு, மேடு எல்லாம் அதில் கோடுகளாக இருக்கும். நில அளவைத் துறை, பல்கலைக்கழக வரைபட நூலகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் கேளுங்கள். பல நாடுகளில் இவை வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாக இணையத்திலேயே கிடைக்கின்றன. 1:50,000 அளவில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். 1:25,000 அளவில் 250 மீட்டர். கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள்.

வருடிய படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ஜியோரெஃபரன்சர் கருவி மூலம் இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த வேண்டும். இடம் மாறாத புள்ளிகள் குறைந்தது 6 தேடுங்கள்: பழைய கோயில் அல்லது தேவாலயம், ரயில் பாலம், மலையுச்சி. சாலைச் சந்திப்பு அவ்வளவு நம்பகமில்லை. சாலையை நகர்த்திப் போட்டிருப்பார்கள். புள்ளிகள் ஏரியைச் சுற்றி நாலாபக்கமும் இருக்கட்டும். ஒரே மூலையில் 6 புள்ளிகளையும் வைத்தால் மறுமூலை சில நூறு மீட்டர் விலகிவிடும்.

பிறகு கணக்கு எளிது. அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 182 மீட்டர், சமஉயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 170 மீட்டர் என்றால், அந்தக் கோட்டின்மேல் ஏரி நிறைந்த நாளில் 12 மீட்டர் ஆழம். இன்றைய நீர்மட்டம் 176 ஆனால் ஆழம் 6. இதில் மூன்று இடங்களில் தவறு நேரும். ஒன்று, பழைய வரைபடம் அடிக்கணக்கில் இருக்கலாம்; 1 அடி 0.3048 மீட்டர். இரண்டாவது, 1:50,000 வரைபடத்தில் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் இருந்தால், 15 மீட்டர் ஆழமுள்ள ஏரிக்குள் ஒரு கோடுகூட விழாமல் போகலாம். அப்போது வரைபடத்தில் எண்ணால் குறித்த புள்ளி உயரங்களையும் ஆற்றின் பாதையையும் மட்டுமே நம்ப முடியும். மூன்றாவது வண்டல். ஓடை வந்து விழும் மேல்முனையில்தான் அது அதிகம் படியும். அங்கே பழைய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய வரைபடம் கிடைக்காவிட்டால், எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு உண்டு. அது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. அதற்குப் பின் நிரம்பிய நீர்த்தேக்கம் என்றால் பள்ளத்தாக்கின் உருவமே அதில் இருக்கும். முன்பே நிரம்பியிருந்தால் சமதளந்தான் தெரியும். சில மீட்டர் பிழை இருக்கும், அடர்ந்த மரக்கூட்டத்தையும் தரையாகக் காட்டும். பழைய ஆற்றுப்பாதை எங்கே ஓடியது என்று அறிய இது போதும்.

இவ்வளவு மெனக்கெடுவது அந்தப் பாதைக்காகத்தான். ஆற்றுப்பள்ளத்தின் விளிம்பு கரைக்கு அருகில் வரும் இடமே, படகில்லாமல் ஆழநீரில் தூண்டில் இடக் கிடைக்கும் வாய்ப்பு. கூடவே மூழ்கிய கிணறுகளையும் சிவப்பில் குறியுங்கள். முழங்கால் நீரில் நடந்து போகிறவரை அவை விழுங்கிவிடும். கல் குவாரிக் குட்டைகளிலும் கரையை ஒட்டியே செங்குத்து ஆழம் இருக்கும்.

நேவியோனிக்ஸ், கார்மின் போன்றவற்றின் ஆழ வரைபடங்கள் படகுக்காரர்கள் பதிவேற்றிய சோனார் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) தடங்களையும் சேர்த்து வரைபவை. பெரிய ஏரியில் நம்பலாம். சிற்றேரியில் ஆழக்கோடுகள் கரையின் வடிவத்தையே சுருக்கிச் சுருக்கி உள்ளே வரைந்ததுபோல் இருந்தால், யாரும் அங்கே அளக்கவில்லை, கணினி நிரப்பியது என்று கொள்ளுங்கள். உண்மையான அடித்தரை அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை.

மீன் இருக்கிறதா?

மீன்வளத் துறையிடம் குஞ்சு விட்ட பட்டியலைக் கேளுங்கள்: இனம், எண்ணிக்கை, அளவு, தேதி. 40 ஹெக்டேரில் 20,000 குஞ்சு என்றால் ஹெக்டேருக்கு 500. பரப்பை நிறைந்த நாளில் அளக்காமல் வறண்ட மாதப் படத்தில் அளந்து வகுத்தால்தான் சரியான நெருக்கம் தெரியும். பட்டியலில் இருக்கும் ஆண்டுக்குப் பின் ஏரி ஒருமுறை முழுதாக வற்றியிருந்தால் அந்தப் பதிவு செல்லாக்காசு. மறுபடி குஞ்சு விட்டார்களா என்று பாருங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் லேக்ஃபைண்டர் போல, வலைபோட்டு எடுத்த கணக்கெடுப்பை ஏரிவாரியாக வெளியிடும் இடங்களும் உண்டு. அச்சுக் கையேடு கையில் இருந்தால் அட்டையைத் திருப்பி அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். அதில் நிலவமைப்புப் பற்றிய பகுதி பல காலம் உதவும். மீன் பற்றிய பகுதி சீக்கிரம் பழசாகும்.

எந்தப் பதிவும் இல்லாத ஏரிக்கு வரைபடமே துப்புக் கொடுக்கும். வற்றாத ஆற்றோடு வாய்க்கால் தொடர்பு இருந்தால் வெள்ளத்தோடு மீன் ஏறியிருக்கும். ஆறு வழிமாறிவிட்டுப் போன குதிரைக் குளம்பு ஏரிகளை இதற்காகவே தேடுங்கள்.

உரிமையும் வழியும்

நீர் பொதுவாக இருந்தாலும் கரை தனியாருடையதாக இருக்கலாம். மீன் உரிமை குத்தகையில் போயிருக்கலாம். நிலப் பதிவேட்டில் சர்வே எண்ணைப் பாருங்கள், குத்தகை உண்டா என்று மீன்வளத் துறையிலும் உள்ளாட்சியிலும் கேளுங்கள். குடிநீர் ஏரி, சரணாலயம் என்றால் தடையே இருக்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். குத்தகைக்காரர் காசு போட்டு விட்ட மீனை அவர் அறியாமல் பிடிப்பது திருட்டு.

இடக்குறியீட்டில் நேரும் பிழை ஒன்றே ஒரு நாளைக் கெடுக்கும். 11 பாகை 30 கலை என்பது தசமத்தில் 11.5. அதை 11.30 என்று அடித்தால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். தசமத்துக்குப் பின் 4 இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அதுவே போதும். ஏரி, மடு, கிணறு, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியில் ஏற்றி, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

முதல் முறை போகும்போது

200 கிராம் ஈயக்குண்டு, 50 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, படகு இருந்தால் ஆழம் அளக்க இவை போதும். கரையிலிருந்து வீசும் சோனாரும் நல்லதே. ஆனால் அதன் ஒலி விரியும் கூம்பு 50 பாகை என்றால் 5 மீட்டர் ஆழத்தில் 4.7 மீட்டர் விட்டத்தைப் பார்க்கிறது. சரிவில் அதற்குள் மிக மேடான இடத்தின் ஆழத்தையே காட்டும். ஆகவே செங்குத்தான விளிம்பில் உண்மை ஆழம் திரையில் தெரிவதைவிட அதிகம். ஒவ்வோர் அளவோடும் அன்றைய நீர்மட்டத்தை எழுதுங்கள். அளவுகோல் கம்பம் இல்லையென்றால், மதகுச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து நீர்ப்பரப்பு எத்தனை செ.மீ. கீழே என்று அளங்கள். நீர்மட்டம் எழுதாத ஆழக்கணக்கு அடுத்த மாதமே பயன்படாமல் போகும்.